பழைய தையல் மெஷினைச் செய்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் அப்பாவின் தையல் கடையில் உஷா மெஷினுக்கு எண்ணெய் விட்டு வளர்ந்தவன் நான். சிகாகோ பக்கம் குடிவந்த பிறகு, இங்கே வீடு காலி செய்கிறவர்கள் விற்கும் பழைய இரும்பு மெஷின்களை வாங்கிச் சரிசெய்யும் பழக்கம் வந்துவிட்டது. நம்மவர்கள் பலரும் இப்போது இப்படி வாங்குகிறார்கள். வாங்கியதும் எனக்குப் போன் செய்து, "இது எந்தக் கம்பெனி மெஷின்?" என்று கேட்கிறார்கள். மெஷின் மேல் எழுதியிருக்கும் பெயரைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு ஆலையே இருந்திருக்காது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மெஷின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் செய்தவருடையது இல்லையா?

பெரும்பாலான பழைய மெஷின்களில் இல்லை. அது விற்ற கடையின் பெயராக இருக்கும், அல்லது விற்றவர் தன் விருப்பத்துக்கு வைத்த பெயராக இருக்கும்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1856 முதல் 1877 வரை சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய மூன்று கம்பெனிகளும் எலியாஸ் ஹோவும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். வேறு யார் தையல் மெஷின் செய்தாலும் அவர்களுக்குக் கப்பம் கட்டவேண்டும். 1877-இல் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானதும் கதவு திறந்துகொண்டது. புதுப்புது ஆலைகள் வந்தன. ஆனால் சிங்கரைப் போல ஊர் ஊராகக் கிளையும் தவணை வசூலிக்க ஆளும் வைக்க அவற்றுக்கு வசதியில்லை. கடைகளிடமும் தபால் வழி விற்பனைக் கம்பெனிகளிடமும் போய், "உங்கள் பெயரைப் போட்டே தருகிறோம்" என்றார்கள்.

இதை மிகப் பெரிய அளவில் செய்தது நேஷனல் சூயிங் மெஷின் கம்பெனி. சிகாகோவிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும் பெல்விடியர் என்ற சிற்றூரில் அதன் ஆலை இருந்தது. எல்ட்ரிட்ஜ், ஜூன் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 1890-இல் உருவானது. நூற்றுக்கணக்கான பெயர்களில் அதன் மெஷின்கள் வெளியே போயின. அதற்குப் பக்கத்து ஊரான ராக்ஃபோர்டில் ஃப்ரீ சூயிங் மெஷின் கம்பெனி, ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் வொயிட், டேட்டனில் டேவிஸ் எல்லாம் இதே தொழிலைச் செய்தன. சியர்ஸ் கடை 'மினசோட்டா' என்ற பெயரில் விற்ற மெஷின்களைப் பாருங்கள். பெயர் மாறவேயில்லை, செய்த ஆலைகள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறின.

சிங்கர் தன் மெஷின்களைப் பெரும்பாலும் தன் பெயரிலேயே விற்றது. ஆகவே வேறு பெயர் போட்ட மெஷின் அச்சு அசலாகச் சிங்கர் மாதிரியே இருந்தாலும், அது சிங்கரைப் பார்த்துச் செய்த மெஷின் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மெஷின் இளநீல நிறம், பழைய கார் மாதிரி பளபளக்கிறது. பெயர் எங்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கிருந்து வந்திருக்கும்?

அநேகமாக ஜப்பானிலிருந்து, 1950-களிலோ 60-களின் தொடக்கத்திலோ. இளநீலம், இளஞ்சிவப்பு, பச்சை, இரட்டை நிறம், குரோம் பட்டை, கார்களுக்கு வைப்பது போன்ற பெயர் எல்லாம் அந்தக் காலத்துக்கே உரியவை. ஃப்ளீட்வுட், பெல்வெடியர், ஸ்ட்ராடிவாரோ, யூனிவர்சல், டிரெஸ்மேக்கர், மோர்ஸ் என்று பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 'டி லக்ஸ்' என்று மட்டும் போட்ட மெஷின்களும் ஏராளம்.

உடம்பைப் பாருங்கள். நூல் டென்ஷன் (மேல்நூலை இறுக்கும் திருகு) இடது ஓரத் தகட்டில் இருக்கிறதா? பாபின் கேஸ் (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் சின்னக் கூடு) இடது பக்கத்திலிருந்து செங்குத்தாக உள்ளே போய் 'கிளிக்' என்று உட்காருகிறதா? நேர்த்தையல் மட்டும்தானா? அப்படியென்றால் அது சிங்கரின் '15' என்ற மாடலைப் பார்த்துச் செய்தது. ஊரில் உஷா மெஷினில் பழகிய கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உஷாவும் அதே குடும்பம்தான்.

அடியில் 'ஜே-ஏ', 'ஜே-சி' என்று எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அது என்ன?

நீங்கள் தேடுவதற்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள்.

இதை நான் முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தேன். அடிப்பாகம் முழுவதும் பழைய எண்ணெய் காய்ந்து, பலாப்பிசின் போலப் பழுப்பாக ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கால் மணி நேரம் தேய்த்தேன். முதலில் ஒரு மேடு விரலில் தட்டியது. இன்னும் தேய்த்தபோது வார்ப்பிரும்பிலேயே புடைத்துக்கொண்டு 'ஜே-சி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வெளியே வந்தன. இன்னொரு மூலையில் 'ஜே-ஏ', அதற்குத் தனி எண். மேலே தங்க நிறத்தில் அமெரிக்கக் கடைக்காரர் வைத்த பெயர். கீழே, யாரும் பார்க்காத இடத்தில், செய்தவர்களின் அடையாளம்.

முதல் எழுத்து ஜே, ஜப்பானைக் குறிப்பது. சி என்பது வார்ப்பு, அதாவது இரும்பை உருக்கி உடம்பை ஊற்றிய பட்டறை. ஏ என்பது பாகங்களைச் சேர்த்து மெஷினாக ஆக்கிய ஆலை. இரண்டு எண்களும் வேறு வேறாக இருந்தால் குழம்பவேண்டாம். ஊற்றியவர் ஒருவர், பூட்டியவர் ஒருவர். உங்களுக்குச் 'செய்தவர்' வேண்டுமென்றால் ஏ எண்ணைப் பிடியுங்கள்.

இப்படிப் பிரிந்து கிடப்பதற்கு உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பான்தான் காரணம். போர் முடிந்ததும் ஆயுதம் செய்த ஆலைகளுக்கு வேறு வேலை வேண்டும். நாட்டுக்கு ஏற்றுமதி வேண்டும். சிங்கர் 15-ஐ அடிப்படையாக வைத்துப் பொதுவான ஓர் அளவுத்திட்டம் வகுத்தார்கள். எச்ஏ-1 என்பது அந்த வகையின் பெயர். எல்லாரும் ஒரே அளவில் செய்ததால் ஒரு பட்டறையின் பாபின் கேஸ் இன்னொரு பட்டறையின் மெஷினில் பொருந்தியது. சின்னப் பட்டறைகள் ஆளுக்கொரு பாகம் செய்தன. பெரியவர்கள் வாங்கிப் பூட்டினார்கள். டொயோட்டா 1946-இல் செய்த முதல் தையல் மெஷினும் எச்ஏ-1 தான். வீட்டில் இருக்கும் ஊசிப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள்: எச்ஏ×1, 15×1, 130/705எச் என்று பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். மூன்றும் ஒரே ஊசி. முதலாவது அந்த ஜப்பானியப் பெயர், இரண்டாவது சிங்கர் பெயர்.

சில ஆலைகள் எண்ணோடு நிற்காமல் தங்கள் முத்திரையையும் விட்டுச்சென்றன. மிட்சுபிஷி தையல் மெஷின் செய்தது பலருக்குத் தெரியாது. அதன் மூன்று வைர முத்திரையை அடித்தட்டு, பாபின் கேஸ், மோட்டார் என்று எல்லா இடத்திலும் தேடிப் பாருங்கள்.

'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருக்கிறது. எந்த ஆண்டு?

1947-க்கும் 1952-க்கும் நடுவில். ஜப்பான் அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில் ஏற்றுமதிப் பொருளில் இப்படிக் குறித்தார்கள். 1952 ஏப்ரல் 28-இல் அந்த ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகு வெறும் 'ஜப்பான்'.

கென்மோர் மெஷின் வைத்திருக்கிறேன். சியர்ஸ் ஆலையில் செய்ததா?

சியர்ஸ் விற்றது, செய்தது வேறு ஆலைகள். இவ்வளவு வகைகளில் கண்டுபிடிக்க மிகச் சுலபமானது கென்மோர்தான். மெஷினின் பின்பக்கமோ அடியிலோ உள்ள தகட்டில் மாடல் எண் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கங்கள் செய்த ஆலைக்கானவை. 117 என்றால் கிளீவ்லாந்தின் வொயிட். 148 என்றால் ஜப்பானின் சோர்யு. 158 என்றால் மருசென். பின்னாளில் ஜாகுவார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 385 என்றால் ஜனோமே.

158-இல் தொடங்கும் மெஷின் நல்ல விலைக்கு வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். என் வீட்டில் அன்றாடம் ஓடுவது அதுதான். ஜீன்ஸ் மடிப்பை நாலு அடுக்காக வைத்தாலும் திணறாது.

பெயர் 'நியூ ஹோம்'. அது நிஜமான கம்பெனிதானே?

நிஜமான கம்பெனிதான். ஆனால் உங்கள் மெஷின் எந்தக் காலத்தது என்று தெரியாமல் செய்தவரைச் சொல்ல முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்த பெயர் அது. பிறகு ராக்ஃபோர்டின் ஃப்ரீ கம்பெனியிடம் போனது. 1960-இல் ஜனோமே வாங்கிவிட்டது. ஆக, காலால் மிதிக்கும் கருப்பு நியூ ஹோம் அமெரிக்காவில் பிறந்தது. அதே பெயரில் 1970-களின் பிளாஸ்டிக் மூடி போட்ட மெஷின் ஜப்பானில் பிறந்தது.

ஜனோமே என்ற பெயருக்கு ஜப்பானிய மொழியில் பாம்பின் கண் என்று பொருள். அந்நாளில் மற்ற மெஷின்களில் நீள ஷட்டில் (கீழ்நூலைச் சுமந்து ஓடும் பாகம்) இருக்க, இவர்கள் வைத்த வட்ட பாபின் பாம்புக் கண் போலத் தெரிந்ததாம். பாபினைப் பார்த்துக் கம்பெனிக்குப் பெயர் வைத்தவர்கள் என்பதாலேயே எனக்கு அவர்கள் மேல் ஒரு தனி மரியாதை.

வொயிட் பெயருக்கும் இதே கதிதான். பழைய வொயிட் கிளீவ்லாந்தில் செய்தது. பின்னாளில் அதே பெயரில் ஜப்பான் மெஷின்கள் இறங்கின.

ஊசிக்குக் கீழே உள்ள தகட்டில் வரிசையாகத் தேதிகள் இருக்கின்றன. கடைசித் தேதி செய்த ஆண்டா?

இல்லை. அவை காப்புரிமை பெற்ற தேதிகள். மெஷின் அந்தக் கடைசித் தேதிக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது, அவ்வளவுதான். அதே தகட்டை இருபது வருடம் கழித்தும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தேதிகளை வைத்துக் காப்புரிமை ஆவணங்களைத் தேடினால், யார் பெயரில் எந்த ஆலைக்குக் கொடுத்தது என்பது தெரிந்துவிடும். ஆண்டைக் கண்டுபிடிக்க உதவாத தகடு, ஆலையைக் கண்டுபிடிக்க உதவும்.

மிதி மெஷின், பெயர் பாதி அழிந்துவிட்டது. அடியிலும் எழுத்து இல்லை. இனி என்ன செய்வது?

ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஆலையின் மெஷினுக்கும் ஒரு நடை உண்டு.

வீலை எந்தப் பக்கம் சுற்றினால் சரியாகத் தைக்கிறது? சிங்கரிலும் அதைப் பார்த்துச் செய்தவற்றிலும் வீலின் மேற்பகுதி உங்களை நோக்கி வரும். வொயிட் ரோட்டரியில் உங்களை விட்டு விலகிப்போகும். பழக்கமில்லாதவர்கள் வழக்கம்போலச் சுற்றிவிட்டு, நூல் சிக்குகிறது, மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்வார்கள். அப்படி ஒதுக்கி வைத்த இரண்டு மெஷின்களை நான் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் ஒரு பழுதும் இல்லை.

அடுத்து, துணியை நகர்த்துவது எது? தகட்டின் கீழே பல் இருக்கும், அது துணியைத் தள்ளும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல்லே இல்லாத ஒரு மெஷின் கிடைத்தால், ஊசியும் அதன் பின்னால் உள்ள காலும் சேர்ந்து துணியைப் பிடித்து நடத்தினால், அது டேவிஸின் வெர்ட்டிக்கல் ஃபீட். அதை அடையாளம் காண எழுத்தே வேண்டாம்.

பிறகு தகட்டைத் தள்ளி ஷட்டிலைப் பாருங்கள். தோட்டா மாதிரி நீளமா, படகு மாதிரியா, வட்டமா? அது முன்னும் பின்னும் நேராகப் போகிறதா, ஊஞ்சல் போல வளைந்து ஆடுகிறதா? ஷட்டிலையே வெளியே எடுத்து, சின்னப் பூதக்கண்ணாடியில் அதன் முதுகைப் பாருங்கள். சில ஆலைகள் முத்திரையை அங்கேதான் குத்தியிருக்கின்றன. கடைக்காரர் பெயர் மாற்றியது வெளியில் மட்டும். ஷட்டிலை யாரும் தொடுவதில்லை.

லண்டனில் இருக்கும் என் அக்கா ஒரு கைமெஷின் வாங்கினாள். ஏதோ ஓர் ஆங்கிலேயக் கடைப் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்ததுதானா?

இரண்டில் ஒன்று. மான்செஸ்டர் பக்கம் கைடு பிரிட்ஜில் இருந்த ஜோன்ஸ் ஆலை கூட்டுறவுக் கடைகளுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் பெயர் போட்டே செய்துகொடுத்தது. (1968-இல் ஜோன்ஸை பிரதர் வாங்கியது.) அதை விட்டால் ஜெர்மனி. டிரெஸ்டன், ஆல்டன்பர்க், பெர்லின், பீலஃபெல்டு என்று ஊருக்கொரு ஆலை இருந்த நாடு அது. பிரிட்டனில் 1887-இல் வந்த வணிகக் குறிச் சட்டம், அயல்நாட்டுப் பொருளில் பிறந்த நாட்டைக் குறிக்கச் சொன்னது. ஆகவே பெரிய எழுத்தில் ஆங்கிலப் பெயரும், பொடி எழுத்தில் ஏதோ ஓர் ஓரத்தில் 'ஜெர்மனி' என்ற சொல்லும் இருக்கும். அக்காவை நல்ல வெளிச்சத்தில் அடித்தட்டு ஓரத்தையும் தூணின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சீரியல் எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாதா?

சிங்கர் என்றால் முடியும். எழுத்து ஆலையையும் எண் காலத்தையும் காட்டிவிடும். பெயர் மாற்றி விற்ற மெஷின்களில் அந்த எண் வேறு அடையாளங்களுக்குத் துணையாக மட்டுமே உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: கனடாவில் கியூபெக் மாநிலத்தில் இருந்த சிங்கர் ஆலையின் சீரியல் எண்களும் ஜே எழுத்தில்தான் தொடங்கும். அடித்தட்டின் மேற்புறம் ஜே எழுத்தோடு ஆறு இலக்க எண் குத்தியிருந்தால் அதை ஜப்பான் குறியீடு என்று நினைத்துவிடாதீர்கள்.

மோட்டாரில் வேறு பெயர் இருக்கிறதே?

மோட்டார் தனிச் சாமான். பல மெஷின்களுக்கு அதை இறக்குமதி செய்தவரே வாங்கிப் பூட்டினார். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆனால் அதன் வயர் உறை விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தால், மாற்றும் வரை பிளக்கில் செருகாதீர்கள்.

யார் செய்திருந்தால் என்ன, தைத்தால் போதாதா?

ஜப்பானிய 15 வகை என்றால் உண்மையிலேயே போதும். சாதாரண 15×1 ஊசி, 15 வகை பாபின், குட்டைத் தண்டுக்கான பிரஷர் ஃபுட் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும்; எந்தப் பெயர் போட்ட மெஷினிலும் உட்காரும்.

நீள ஷட்டில் மெஷினுக்கு அப்படியில்லை. ஷட்டில் தொலைந்துபோன ஒரு மிதி மெஷினை ஆசைப்பட்டு வாங்கினேன். மேலே இருந்த பெயரைச் சொல்லி, பழைய பாகம் விற்கும் ஒருவரிடம் ஷட்டில் வரவழைத்தேன். அதே பெயர் போட்ட மெஷினிலிருந்து கழற்றியதுதான். வந்தது, ஷட்டில் உட்காரும் தொட்டிலில் வைத்தால் நுனி ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே நின்றது. அதே பெயரை அந்தக் கடை இரண்டு ஆலைகளின் மெஷின்களில் போட்டிருக்கிறது. என்னுடையது நேஷனல் என்று கண்டுபிடித்து, அதற்கான ஷட்டில் கிடைத்து, முதல் தையல் விழ எட்டு மாதம் ஆனது. வொயிட் ரோட்டரிக்கு ஊசியே வேறு, 20×1.  செய்தவர் யார் என்று தெரியாமல் இதையெல்லாம் வாங்கப் போனால் பணமும் மாதங்களும் வீண்.

ஊரில் பாட்டி வீட்டில் ஒரு கருப்பு மெஷின். சிங்கர் மாதிரியே இருக்கிறது, பெயர் வேறு. அதற்கும் இப்படித்தான் தேடவேண்டுமா?

முதலில் பஞ்சாபின் லூதியானாவை நினையுங்கள். தையல் மெஷினும் அதன் பாகங்களும் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. வாங்கும் வியாபாரி சொல்லும் பெயரைத் தங்க எழுத்தில் ஒட்டித் தருவது அங்கே வழக்கம். போருக்குப் பின் ஜப்பானில் நடந்தது போலவே ஒருவர் உடம்பு வார்க்க, ஒருவர் ஷட்டில் செய்ய, ஒருவர் பூட்டுகிறார். உஷா அப்படியில்லை, 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தன் ஆலையில் தன் பெயரில் செய்தது. மெரிட் என்று இருந்தால் அது சிங்கர் இந்தியாவில் விற்ற இன்னொரு பெயர்.

எழுத்தைப் படிக்க அழுக்கை எப்படி எடுப்பது?

அடிப்பாகத்தில் மண்ணெண்ணெய் போதும். மேலே, தங்க எழுத்துகள் இருக்கும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் மட்டும். பஞ்சில் நனைத்து, வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். ஸ்பிரிட் கூடவே கூடாது. பழைய கருப்பு மெஷின்களின் மேல்பூச்சு அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூவெழுத்தும் கூடவே வந்துவிடும். சோப்புத்தண்ணீரும் அம்மோனியா கலந்த கிளீனரும் பொன்னிறத்தை வெள்ளியாக்கிவிடும். ஒருமுறை போனால் போனதுதான்.

உங்களுக்குப் படம் அனுப்பினால் சொல்வீர்களா?

கட்டாயம் சொல்கிறேன். ஆனால் முன்பக்கப் படம் ஒன்று மட்டும் போதாது. இடது ஓரத் தகடு, வீல் பக்கம், தகட்டைத் தள்ளிய நிலையில் ஷட்டில் இருக்கும் இடம், ஷட்டிலோ பாபின் கேஸோ தனியாக உள்ளங்கையில் வைத்து ஒன்று, பிறகு சாய்த்து வைத்து அடிப்பாகம் முழுவதும். அடிப்பாகத்தை எடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். வார்ப்பில் புடைத்த எழுத்துக்கு நிழல் விழுந்தால்தான் படிக்க முடியும். சாய்ப்பதற்கு முன் பின்பக்கக் கீல்களின் திருகு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு மெஷின் பெட்டியிலிருந்து நழுவி விழுந்தால் கால்விரல் தப்பாது.